இரத்தத்தில் கிருமி கண்டால் யாரிடம் தெரிவிக்க வேண்டும்?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் மண்டோராக (தொழிலாளர் மேற்பார்வையாளராக) வேலை செய்கிறேன். எங்கள் பிரிவில் குலை வெட்டும் ஒருவருக்கு, அவர் இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர், ஒரு வாரத்துக்கு மேலாகக் காய்ச்சல் விடவில்லை. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையும் கேட்கவில்லை. இப்போது ஈப்போவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். இரத்தத்தில் பாக்டீரியா கிருமி கலந்துவிட்டது என்கிறார்கள். லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) உள்ள மற்றவர்களுக்கும் தொற்றுமா? இதை நாங்கள் எங்காவது தெரிவிக்க வேண்டுமா, அல்லது அது மருத்துவமனையின் பொறுப்பா?

பதில்: நம் தோலிலும் மூக்கிலும் குடலிலும் பாக்டீரியாக்கள் எப்போதும் இருக்கின்றன. ஆனால் இரத்தம், மூளைத் தண்டுவட நீர், மூட்டு நீர் போன்ற இடங்களில் கிருமியே இருக்கக் கூடாது. அங்கே பாக்டீரியா காணப்பட்டால் அதை ஊடுருவிய தொற்று என்கிறோம். இது ஒரே நோயின் பெயரன்று. பல கிருமிகள் இந்த நிலையை உண்டாக்கும் என்பதால், மற்றவர்களுக்குத் தொற்றுமா என்பதற்கு விடை கிருமியின் பெயரில்தான் இருக்கிறது. அந்தப் பெயர் இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு வைத்துச் சில நாள்கள் கழித்தே தெரியவரும். குடும்பத்தார் மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே.

மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி என்றால் கூட வசித்தவர்களுக்கு உடனடியாகத் தடுப்பு மருந்து தர வேண்டியிருக்கும். டைபாய்டு என்றால் குடிநீரையும் உணவையும் ஆராய வேண்டும். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயும் தோட்டங்களில் உண்டு. ஆயினும் இனிப்பு நீர், மண்ணில் வேலை, மாத்திரைக்கு அடங்காத காய்ச்சல் ஆகிய மூன்றும் சேரும்போது, சோதனை முடிவுக்கு முன் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், என் நினைவுக்கு முதலில் வருவது மெலியோய்டோசிஸ் என்னும் பாக்டீரியா நோய்.

இந்நோயின் கிருமி நம் மலேசிய நாட்டு ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. கோலாலம்பூரிலுள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்டாண்டன், பிளெச்சர் என்னும் இருவர் நூறாண்டுக்கு முன்பே இந்நோயை ஆராய்ந்து இப்பெயரைச் சூட்டினார்கள். தோலில் உள்ள வெட்டுக்காயம் வழியாகவும், பெருமழைக் காலத்தில் மூச்சின் வழியாகவும், சுத்தமில்லாத நீரைக் குடிப்பதாலும் உடலில் நுழைகிறது. இனிப்பு நீர் உள்ளவர்களே இதில் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது மிக அரிது. ஆகவே இந்த நோய்தான் என்று உறுதியானால், லயத்தில் உள்ளவர்கள் அஞ்சி விலகவும் வேண்டாம், தாமாக ஆன்டிபயாடிக் விழுங்கவும் வேண்டாம். வழக்கமான காய்ச்சலுக்குத் தரும் பல ஆன்டிபயாடிக்குகள் இதற்குப் பயன்படா. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் நரம்பு வழியாகக் குறைந்தது இரண்டு வாரங்களாவது தரப்பட்டு, அதன்பின் ஏறக்குறைய மூன்று மாதங்கள் மாத்திரை தொடர வேண்டும். வீடு திரும்பியதும் உடம்பு தேறிவிட்டதென்று மாத்திரையை நிறுத்துபவர்களுக்கு நோய் மீண்டும் வரக்கூடும். மண்டோர் என்ற முறையில் நீங்கள் அவரிடம் அன்போடும் பிடிவாதத்தோடும் நினைவூட்ட வேண்டிய காலம் அந்த மூன்று மாதங்கள்தாம்.

இனித் தெரிவிக்கும் கடமை. 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 342, மருத்துவரை மட்டும் பொறுப்பாக்கவில்லை. நோய் கண்ட வீட்டில் வசிக்கும் பெரியவர்களும், நோயாளியைக் கவனிப்பவர்களும், அறிந்தவுடன் அருகிலுள்ள மாவட்டச் சுகாதார அலுவலகத்திலோ, அரசாங்கக் கிளினிக்கிலோ, காவல் நிலையத்திலோ, கிராமத் தலைவரிடமோ தெரிவிக்க வேண்டும் என்று அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. எந்த நோய்களைத் தெரிவிப்பது என்னும் பட்டியலில், உயிருக்கு ஆபத்தான வேறு எந்த நுண்ணுயிர்த் தொற்றும் சேரும் என்பதால், பெயர் தெரியவில்லையே என்று காத்திருக்கத் தேவையில்லை. மருத்துவமனை தெரிவித்திருக்கும் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அவர் எந்த வயல் எண்ணில் வேலை செய்தார், எப்போது காலில் வெட்டுப்பட்டது, எந்த நீரைக் குடித்தார் என்பதெல்லாம் மருத்துவமனைக்குத் தெரியாது, உங்களுக்கே தெரியும். கோலகங்சார் மாவட்டச் சுகாதார அலுவலகத்தை அழைத்து அவற்றைச் சொல்லுங்கள். வேலையால் வந்த நோய் என்று மருத்துவர் கருதினால், ஏழு நாள்களுக்குள் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு அறிவிப்பது நிர்வாகத்தின் கடமை.

தெரிவிப்பதால் நிர்வாகத்துக்கு ஆகாமல் போகுமோ என்னும் அச்சம் தோட்டங்களில் உண்டு. நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் தெரிவிப்பது ஏன் தேவை என்பதற்கு ஒரு சான்று: 2010இல் பகாங் மாநிலத்தின் லூபுக் யூ அருவியில் மூழ்கியவரைத் தேடச் சென்றவர்கள் பலர் லெப்டோஸ்பைரோசிஸ், மெலியோய்டோசிஸ் ஆகிய நோய்களுக்கு ஆளாகி, எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு இறுதியில்தான் லெப்டோஸ்பைரோசிஸ் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கப்பட்டது. ஒரே நீரில் இறங்கிய பலருக்குக் காய்ச்சல் வந்தது என்பதை ஒரு நோயாளியை மட்டும் பார்க்கும் மருத்துவரால் அறிய முடியாது. அதே சமயம் அவருடைய பெயரையும் சோதனை முடிவையும் வாட்ஸ்அப் குழுக்களில் பகிராதீர்கள். அவை சுகாதார அதிகாரிக்கு மட்டுமே உரியவை.

உங்கள் பிரிவில் இனிப்பு நீர் உள்ள மற்றவர்களை இப்போதே கணக்கெடுங்கள். பூட்ஸும் கையுறையும் தவறாமல் அணியச் செய்யுங்கள். காயம் இருந்தால் நீர் புகாதபடி மூடியபின்பே வயலுக்கு அனுப்புங்கள். அவர்களில் யாருக்காவது காய்ச்சல் இரண்டு, மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தால், உடனே கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, தோட்ட மண்ணில் வேலை செய்பவர், இனிப்பு நீர் உள்ளவர் என்று முதலில் சொல்லி, ஆன்டிபயாடிக் தொடங்குமுன் வளர்ப்புச் சோதனைக்கு இரத்தம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ கண்டால் கிளினிக்கில் காத்திராமல் நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.