எட்டாம் மாசத்தில் ஏழு கிலோ போதுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எடையைப் பற்றித்தான். கட்டுச்சோறு விருந்து முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறார்கள் போலிருக்கிறது. நான் டாக்டர் இல்லை, 30 வருடம் கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயசு, கோபி பக்கம். உயரம் 154 சென்டிமீட்டர். முழுகாமல் ஆவதற்கு முன்னால் 46 கிலோ இருந்தேன், இப்போது 31 வாரம், 53 கிலோ. "நல்லாத் தின்னுபோட்டுக் கொளந்த பெருசாயிருச்சுன்னா ஆபரேசன்தான், அளவா உண்ணு"ங்கறாங்க எங்க அத்தை. எங்கம்மாவோ "ரெண்டு உசுருக்குத் திங்கோணும் கண்ணு"ன்னு தட்டை விட்டு எந்திரிக்க விடறதில்லை. ஸ்கேனில் குழந்தை ஒன்றரைக் கிலோ, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ரெண்டு பேருக்கும் தலையை ஆட்டிவிட்டு உங்கள் கணக்கை நீங்கள் பாருங்கள் அம்மணி. 154 சென்டிமீட்டருக்கு 46 கிலோ என்றால் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கிற கணக்கு) 19-க்குக் கொஞ்சம் மேலே, சரியான எடைதான், ஆனால் ஒல்லிப் பக்கம். நம் ஊரில் இப்படி இருக்கிறவர்களுக்கு மொத்தம் 10 முதல் 12 கிலோ கூடட்டும் என்பார்கள், வெளிநாட்டுக் கணக்கில் இன்னும் கொஞ்சம் கூடுதல். உங்களுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. வாரத்துக்கு 400 கிராம் ஏறினாலே மூன்றரைக் கிலோ சேர்ந்து பத்தரைக்கு வந்துவிடுவீர்கள். மோசமில்லை, ஆனால் இதற்குக் கீழே போகக் கூடாது, அதனால் "அளவா உண்ணு" உங்களுக்குப் பொருந்தாது.

அத்தையின் பயத்தையும் சும்மா தள்ளிவிடக் கூடாது, அவர்கள் கண்ணால் பார்த்த கஷ்டப் பிரசவங்கள் எத்தனையோ. ஆனால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கிறது என்றால் பெரும்பாலும் அம்மாவுக்குக் கட்டுப்படாத சர்க்கரை இருக்கும், இல்லாவிட்டால் அம்மா ஏற்கெனவே பருமனாக இருப்பார். உங்களைப் போல ஒல்லியாக இருக்கிறவர்கள் வயிற்றைக் கட்டினால் சுகப்பிரசவம் ஆகிறதோ இல்லையோ, குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்க வாய்ப்பு அதிகம். அப்படிப் பிறந்ததுகளைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தோல் சுருங்கி, உடம்பு சில்லிட்டு, நாலு வாய் உறிஞ்சுவதற்குள் களைத்துத் தூங்கிவிடும். இப்போது ஒன்றரைக் கிலோ இருக்கிற உங்கள் பிள்ளை இந்த ஒன்பது வாரத்தில்தான் ஏறக்குறைய இரண்டு மடங்காகப் போகிறது, தோலுக்கடியில் கொழுப்பு சேர்வதும் இப்போதுதான்.

அம்மா சொல்வதில் "ரெண்டு உசுரு" சரி, ரெண்டு தட்டுதான் தப்பு. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கில் கர்ப்பிணிக்கு நாளைக்குக் கூடுதலாக வேண்டியது 350 கலோரி. ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான், முடிந்துபோச்சு. ஆனால் கடைசி மூன்று மாதத்தில் புரதம் மட்டும் 22 கிராம் கூடுதலாக வேண்டும், நம் வீடுகளில் கோட்டை விடுவது அங்கேதான். சோறு கூடுகிறது, பருப்பு கூடுவதில்லை. அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கும்போது ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்பு போடுகிறீர்கள் என்றால் அரையாக்குங்கள். தினம் ஒரு முட்டை, அதில் ஆறு கிராம் வந்துவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் முளைகட்டின பச்சைப்பயறோ தட்டைப்பயறோ சேர்த்து, தயிரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவைப் பல வீட்டில் எருமைக்குக் கரைத்து ஊற்றுகிறார்கள் (நானே பார்த்திருக்கிறேன், எருமை நன்றாகத்தான் இருந்தது), அதை உருண்டை பிடித்துச் சாப்பிடலாம். வயிறு மேலே முட்டி நெஞ்சு கரிக்கிற மாதம் இது, மூன்று வேளையாகத் திணிக்காமல் ஐந்தாறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏறுகிற எடையெல்லாம் உடம்பில் தங்கிவிடும் என்ற பயமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. குழந்தை மூன்று கிலோ, நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்கு மேல், பனிக்குடத் தண்ணீர் முக்கால் முதல் ஒரு கிலோ, கர்ப்பப்பை ஒரு கிலோ, கூடின ரத்தம் ஒன்றேகால், அப்புறம் மார்பு, உடம்பு நீர். மிச்சம் ஒரு இரண்டு மூன்று கிலோதான் கொழுப்பு, அதுவும் பால் கொடுக்கும்போது செலவாவதற்காகச் சேர்த்து வைப்பது.

எடை பார்ப்பதையும் ஒழுங்காகப் பாருங்கள், வாரம் ஒரு நாள், ஒரே மெஷின், காலையில் வெறும் வயிற்றில். ஒரு தடவை ஒரு பெண் ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறிவிட்டாள் என்று நான் பதறிப்போய்ப் பிரஷர் பார்க்கிறேன், நன்றாக இருக்கிறது. அப்புறம் பார்த்தால் தோளில் பை, பைக்குள் தூக்குப்போசி நிறைய மோர்!

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், இப்போது ஒன்பதாம் மாதம், லீவு. பத்து நாளில் மூன்று கிலோ ஏறிவிட்டது. வளைகாப்புக்குப் போட்ட வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, இப்போது மணிக்கட்டிலேயே இறுகி நிற்கிறது. பக்கத்து வீட்டு அக்கா நீர்தான், பார்லி தண்ணி குடி என்கிறார்கள். குடிக்கலாமா?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் அதில் இருந்த நம்பருக்குப் பேசிவிட்டேன், நல்லவேளை அவர் ஏற்கெனவே ஆஸ்பத்திரி போய்ப் பிரஷருக்கு மாத்திரை ஆரம்பித்திருந்தார். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். சாயங்காலம் கால் வீங்கிக் காலையில் வடிவது பலருக்கும் வரும். ஆனால் ஒரு வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, குழந்தையும் இல்லை, தண்ணீர். முகமும் கையும் வீங்கினால், வளையல் இறுகினால், மோதிரம் கழலாவிட்டால் அன்றைக்கே பிரஷர் பார்த்து, சிறுநீரில் புரதம் போகிறதா என்று டெஸ்ட் எடுக்க வேண்டும். 140/90-ஐத் தொட்டாலே அது டாக்டர் பார்க்க வேண்டிய பிரஷர். தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலித்தாலோ விடியட்டும் என்று பார்க்காதீர்கள், 108-க்குப் போன் போடுங்கள். வயிற்றில் குழந்தை அசைவது குறைந்தாலும் அப்படித்தான். பார்லி தண்ணீர் பிரஷரைக் குறைக்காது.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குழந்தை கருப்பாகும், குங்குமப்பூ போட்டால் சிவப்பாகும் என்கிறார் எங்கள் அம்மாயி. உண்மையா?

பதில்: மாத்திரையால் கருப்பாவது மலம் மட்டும்தான். நிறம் அப்பன் ஆத்தா வழியாக வருவது. மாத்திரையை விடாதீர்கள், டீ காபியோடு மட்டும் போடாதீர்கள். கால்சியம் மாத்திரையை வேறு நேரத்துக்குத் தள்ளுங்கள், ரெண்டும் சேர்ந்தால் இரும்பு ஒழுங்காக உடம்பில் சேராது. குங்குமப்பூ வாங்குகிற காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று அம்மாயியிடமே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: தாராபுரத்திலிருந்து எழுதுகிறேன். என் மனைவிக்குக் கர்ப்பத்துக்கு முன்பே 74 கிலோ, உயரம் 158. குளுக்கோஸ் டெஸ்டில் சர்க்கரை என்று வந்ததிலிருந்து பயந்துகொண்டு காலையில் ஒரு இட்லி, மத்தியானம் ராகிக் களி, ராத்திரி ஒன்றுமில்லை. இப்போது 33 வாரம், போன மாதத்தை விட ஒரு கிலோ குறைந்துவிட்டது.

பதில்: நீங்கள் எழுதினது நல்லதாகப் போயிற்றுங்க. அவர் அளவுக்கு மொத்தம் 7 முதல் 11 கிலோ வரை கூடலாம், வாரத்துக்கு 300 கிராம் போதும். குறைவாக ஏற வேண்டும் என்றுதான் டாக்டர் சொல்லியிருப்பார், இறங்கச் சொல்லியிருக்க மாட்டார். பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்கிற அமிலப் பொருளை ரத்தத்தில் விடும், குழந்தைக்கு அது நல்லதில்லை. இன்னொன்று, களிக்குச் சர்க்கரை ஏறாது என்பது நம் ஊர் நம்பிக்கை. வெறும் களி ஒரு பெரிய உருண்டை உள்ளே போனால் சோறு மாதிரியே ஏறும். உருண்டையைப் பாதியாக்கி, கூடவே கீரைக் கடைசலும் முட்டையும் வையுங்கள். காலையில் இரண்டு இட்லிக்குப் பருப்புச் சாம்பார், ராத்திரிக்கும் கட்டாயம் ஏதாவது. சாப்பிட்டபின் இருவரும் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். இறங்கின ஒரு கிலோவை இந்த வாரமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சர்க்கரை எழுதி வைத்திருக்கிற நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.