பால் கொடுப்பதில் என்ன ஆராய்ச்சி?

அன்புள்ள ஐயா,

பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தேன். இப்போது நாமக்கல் பக்கம் ஒரு செவிலியர் கல்லூரியில் டியூட்டர். குறைமாதக் குழந்தைகள் பால் குடிக்கத் திணறுவதைப் பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. "பால் கொடுக்கிறதுல என்ன ஆராய்ச்சி? டாக்டர் எழுதுன மில்லியைக் கொடுத்தா முடிஞ்சது" என்கிறார்கள். விட்டுவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

விடாதீர்கள். இதையே தன் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு பல வருடம் உழைத்த ஒரு செவிலியர் பேராசிரியர் இருக்கிறார். அமெரிக்காவில், சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சூசான் தோயர்.

விழுங்கும் ஒவ்வொரு முறையும் குழந்தையின் மூச்சு ஒரு கணம் நிற்கும். நிறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் தானாக ஒத்துப்போகும். குறைமாதக் குழந்தைக்கு இது கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரத்தில்தான் கூடிவர ஆரம்பிக்கும். அந்த நிலையில் நிப்பிளிலிருந்து பால் வேகமாக வந்தால், மூச்சு எடுக்க இடமே கிடைக்காமல் விழுங்கிக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்ட எடைகுறைந்த குழந்தைகளை பாட்டிலில் குடிக்கும்போது கவனித்து, 2003இல் தோயர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்தக் குழந்தைகளுக்கும் குடிக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அவ்வப்போது இறங்கியிருந்தது. சார்ட்டில் மில்லிக் கணக்கு மட்டும் எழுதினால் இது யார் கண்ணிலும் படாது.

ஆனால் மடியில் வைத்திருப்பவர் கண்ணில் படும். புருவம் உயரும். விரல்கள் விறைத்து விரியும். உதட்டோரம் பால் வழியும். வாயைச் சுற்றி நிறம் மாறும். நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். தோயர், கேரன் பிரிதம், கேத்தரின் ஷேக்கர் மூவரும் 2005இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறை இப்படிப்பட்ட அறிகுறிகளை 36 கூறுகளாக ஒழுங்குபடுத்தியது. குடிக்கத் தயாரா, எப்படிக் குடிக்கிறது, குடித்தபின் எப்படித் தேறுகிறது என்று மூன்று பகுதி. பிற்காலத்தில், 6 மாதம் முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகள் சாப்பிடுவதில் படும் சிரமத்தைப் பெற்றோரிடமே கேட்டறியும் வினாப்பட்டியலையும் தோயர் குழுவினர் உருவாக்கினார்கள்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது ஒன்று. "சோம்பேறிக் குழந்தை, குடிக்காம தூங்குது" என்று உள்ளங்காலைச் சுண்டி எழுப்பிப் புகட்டுகிறோமே, அந்தக் குழந்தை பல சமயம் சோம்பலால் வாயை மூடவில்லை. மூச்சுக்காக மூடியிருக்கிறது. அதை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நான்கைந்து மடக்குக்கு ஒருமுறை பாட்டிலைத் தாழ்த்தி, மூச்சு எடுக்க விட்டால் போதும், திரும்பவும் குடிக்கும் குழந்தைகள் உண்டு. யார் புகட்டுகிறார்களோ அவர்கள்தான் இந்த ஆராய்ச்சிக்குத் தகுதியானவர்கள் என்று நான் நம்புகிறேன்.

உங்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. நம் வார்டுகளில் பாலாடை, அதாவது குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சிறு கிண்ணம், புழங்குகிறது. அதில் பால் எவ்வளவு வேகமாக வாய்க்குள் போகிறது என்பது முழுக்கப் புகட்டுபவர் கையில். சற்றே கூடுதலாகச் சாய்த்தால் குழந்தைக்கு என்ன ஆகிறது? ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பெரும்பாலும் குழந்தையின் காலில் கட்டித்தான் இருக்கும். வார்டு பொறுப்பாளரிடம் பேசி, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, அங்கிருந்து தொடங்குங்கள். திட்டவரைவு தயாரானதும் அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.