இறந்துபோன சொந்தங்களைச் சொர்க்கத்தில் அடையாளம் தெரியுமா? கிறிஸ்தவர்கள் என்ன நம்புகிறார்கள்?

அம்மாவைப் பறிகொடுத்த கிறிஸ்தவத் தோழி "அம்மாவைத் திரும்பப் பார்ப்பேன்" என்கிறாள், நிஜமாகவே அப்படி நம்புகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், நிஜமாகவே நம்புகிறோம். நான் கிருஷ்ணகிரி மாவட்டம் எலத்தகிரிப் பக்கம், பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம்.

சாகும்போது ஆன்மா கடவுளிடம் போகிறது, உலக முடிவில் உடலும் உயிர்க்கும் என்பது எங்கள் விசுவாசம். உடம்பை உதறிவிட்டு ஆவியாக மேகத்தில் மிதப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். திருச்சபை அப்படிப் போதிக்கவில்லை. சிலுவையில் இறந்து உயிர்த்த இயேசுதான் இதற்கு ஆதாரம். அவருடைய சீடத்தி மகதலா மரியா முதலில் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தார். "மரியா" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டதும் கண்டுகொண்டார். சந்தேகப்பட்ட சீடர் தோமாவுக்கு அவர் காட்டியது ஆணித் தழும்புகளை. அதே ஆள், பட்ட காயம்கூட அப்படியே. சாவுக்கு மட்டும் இனி அவர்மேல் அதிகாரம் இல்லை.

ஆனால் இங்கே நடத்திய குடும்பம் அங்கேயும் தொடராது. ஏழு சகோதரர்களை ஒருவர்பின் ஒருவராக மணந்தவள் உயிர்த்தெழும்போது யாருக்கு மனைவி என்று, உயிர்த்தெழுதலை நம்பாத யூதப் பிரிவினரான சதுசேயர்கள் மடக்கியபோது, அங்கே பெண் கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்றார் இயேசு (மாற்கு 12).

எங்கள் ஆயாவை நினைத்தால் எனக்கு இந்த வசனம் கனக்கும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். முன்னாடியே தாத்தா கல்லறையில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து வைத்துவிடுவார். அன்று சாமந்தி மாலை போட்டு, ஏற்றிய மெழுகுவத்தியைக் காற்றுக்கு முந்தானையால் மறைத்துக்கொண்டு, சாமியார் (பாதிரியார்) தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வரும்வரை தாத்தாவிடம் பேசிக்கொண்டே இருப்பார். மாடு கன்று போட்டது, பேத்திக்கு வரன் வந்தது, எல்லாம். அந்தப் பாசம் வீணாகப் போகும் என்று திருச்சபை சொல்லவே இல்லை. திருமணம் சாவோடு முடிகிறது. அன்பு ஒருபோதும் அழியாது என்று திருத்தூதர் பவுல் பைபிளில் எழுதியிருக்கிறார். கடவுளை நேருக்கு நேர் காண்பதுதான் சொர்க்கம். அவரிடம் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் இழப்பதில்லை.

இறந்தவர்களுக்கு நாங்கள் கோவிலில் பூசை (திருப்பலி) வைப்பதும் இதனால்தான். உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெறும் ஆன்மாக்களுக்கு நம் ஜெபம் உதவும் என்று நம்புகிறோம். கத்தோலிக்கர் அல்லாத சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே சபைகளில் இதை ஏற்பதில்லை. உயிர்த்தெழுதலில் எல்லோருக்கும் ஒரே நம்பிக்கைதான்.

தோழி கத்தோலிக்கராக இருந்து, அம்மாவுக்கு வைக்கும் பூசைக்கு உங்களைக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். அம்மாவின் பேரைச் சொல்லித்தான் சாமியார் மன்றாடுவார்.