ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் ஒரு பகல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஆஸ்டினிலிருந்து குடும்பத்துடன், இதே டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஃப்ரெடரிக்ஸ்பர்க் சென்று மாலையே திரும்பினோம். ஜெர்மானியர்கள் குடியேறிய பழமையான ஊர் என்று நீங்கள் உயர்வாக எழுதியிருந்தீர்கள். பிரதான வீதி நெடுக ஒயின் கடைகளையும் பரிசுப்பொருள் கடைகளையும்தான் பார்த்தோம். ஒரு பகல் மட்டுமே இருப்பவர்கள் அங்கே வரலாற்றை எங்கே தேடுவது?

– ஒரு வாசகி, ஆஸ்டின்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஏமாற்றம் நியாயமானதே. அந்த வீதியை மட்டும் நடந்து பார்த்தால் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் வந்த சோலியை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் ஃப்ரெடரிக்ஸ்பர்க்குக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களுக்காகவே கட்டப்பட்ட வீடுகள் அங்கே இன்றும் நிற்கின்றன. அடுத்த முறை அவற்றிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில்.

ஜெர்மானியப் பிரபுக்கள் கூடி அமைத்த குடியேற்றச் சங்கத்தின் சார்பில் 1846இல் இவ்வூரை நிறுவியவர், தம் பிரபுப் பட்டத்தைத் துறந்து ஜான் மோய்சபாக் என்று எளிய பெயர் வைத்துக்கொண்டவர். குடியேறியவர்களுக்கு ஊருக்குள் அரை ஏக்கர் மனையும் ஊருக்கு வெளியே 10 ஏக்கர் நிலமும் கொடுக்கப்பட்டன. கல்லும் வறட்சியும் மிகுந்த அந்த மலைநாட்டில் 10 ஏக்கரை நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்பதால், பலர் தொலைவில் பெரிய நிலம் தேடிக்கொண்டு போய்விட்டார்கள். சந்தைக்கும் தேவாலயத்துக்கும் மட்டும் வாரக் கடைசியில் வண்டி கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். சனிக்கிழமை விளைபொருளை விற்று, வீட்டுக்கு வேண்டிய சாமான்களை வாங்கி, இரவு தங்கி, ஞாயிறு வழிபாடு முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். அந்த ஓர் இரவுக்காகக் கட்டப்பட்டவையே 'சண்டே ஹவுஸ்' எனப்படும் சிறு வீடுகள்.

முன்னோடிகள் அருங்காட்சியக வளாகத்தில் 1904இல் கட்டப்பட்ட வெபர் குடும்பத்து வீடு இருக்கிறது. அதன் முன் சற்று நேரம் நில்லுங்கள். இவ்வகை வீடுகளின் அமைப்பே ஒரு வாழ்க்கைமுறையைச் சொல்லிவிடும். கீழே ஓர் அறை, பின்புறம் சாய்ப்பு இறக்கிய சமையலறை. பல வீடுகளில் கூரைக்கடியில் பிள்ளைகள் படுக்கப் பரண் போன்ற ஓர் அறையும் உண்டு. அந்த அறைக்கு ஏறும் படிகள் வெளிச்சுவரை ஒட்டியே இருக்கும். உள்ளே படி வைத்தால், இருக்கிற ஒரே அறையில் ஆள் படுக்க இடம் ஏது? காரும் நல்ல சாலையும் வந்து, போன அன்றே திரும்பிவிடலாம் என்றானபோது இந்த வீடுகளுக்குத் தேவையில்லாமல் போயிற்று. அதே வளாகத்தில், மரச்சட்டங்களுக்கிடையே கல்லை அடைத்துச் சுவர் எழுப்பிய ஜெர்மானியக் கட்டுமுறையையும் காணலாம்.

சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் எண்கோணக் கட்டடம் பழையது அன்று. எல்லாக் கிறிஸ்தவச் சபையினருக்கும் பொதுவான தேவாலயமாகவும் பள்ளிக்கூடமாகவும் 1847இல் எழுந்த மூலக் கட்டடத்தை 1897இல் இடித்துவிட்டார்கள். இப்போதிருப்பது 1930களில் கட்டிய பிரதி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பசிபிக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் நிமிட்ஸ் பிறந்த ஊர் என்பதால் அமைந்த பசிபிக் போர் அருங்காட்சியகம் மிகப் பெரியது. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இவையெல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது 1847ஆம் ஆண்டு உடன்படிக்கையை. அந்த நிலம் ஆளற்றுக் கிடந்ததன்று; கோமாஞ்சி என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்கள் வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்த நிலம். அம்மக்களின் இருப்பிடம் தேடி மோய்சபாக் சான் சாபா ஆற்றங்கரைக்கே சென்று பேசினார். வெள்ளையர் தங்கள் நிலத்தில் குடியேறி அளவை செய்யலாம் என்று கோமாஞ்சியர் ஒப்ப, அவர்கள் அச்சமின்றி ஊருக்குள் வந்து போகலாம் என்று ஜெர்மானியர் ஒப்பினர். 3,000 டாலர் மதிப்புள்ள பொருள்களைத் தரவும் உடன்பட்டனர். எங்கள் முன்னோர் அந்த வாக்கை மீறவே இல்லை என்று ஊரார் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் 1875க்குள் கோமாஞ்சியர் அனைவரும் ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள் அடைக்கப்பட்டுவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு வரலாறாகும்.

அந்த உடன்படிக்கையின் மூல ஆவணம் உங்கள் ஆஸ்டினிலேயே, டெக்சாஸ் மாநில நூலகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. மறுமுறை புறப்படுவதற்கு முன் பிள்ளைகளிடம் அதைப் பற்றிச் சொல்லிவைத்தால், சதுக்கத்தில் அந்த உடன்படிக்கையின் நினைவாக வைத்திருக்கும் சிலைகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர்களே உங்களுக்குக் காட்டுவார்கள்.