ஓய்வு பெற்ற பந்தயக் குதிரையைத் தத்தெடுக்கும்போது, சவாரித் திறமையை ஏன் நேரில் சோதிக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் சில வருடங்கள் சவாரி வகுப்புக்குப் போனவர். விண்ணப்பத்தில் 'இடைநிலை' என்று எழுதிய பிறகும் காப்பகம் ஏறிக் காட்டச் சொல்வது அவமதிப்பாகப் படுகிறது என்கிறார். நான் கெண்டக்கியில் லெக்சிங்டனுக்கு அருகே ஒரு மீட்புப் பண்ணையில் வார இறுதிகளில் உதவுகிறேன். தத்தெடுக்க வருபவர்களைக் கவனிப்பதும் என் வேலைகளில் ஒன்று.

வருடக் கணக்கை நாங்கள் நம்பாததற்கு உங்கள் நேர்மை காரணமல்ல. சவாரிப் பள்ளிக் குதிரை புதுப்புது ஆட்களைச் சுமந்தே பழகியது. நீங்கள் தவறாகச் சைகை கொடுத்தாலும் சரியாகப் புரிந்துகொண்டு நடக்கும். பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரை அப்படியல்ல. கடிவாள வாரை இறுக்கினால் அதன்மேல் சாய்ந்து வேகமெடுக்கவே அது பழகியிருக்கும். பயந்த ஆள் முதலில் செய்வதோ வாரை இழுப்பது! இழுக்க இழுக்க அது ஓடும். ஜாக்கி அங்கவடியை (சேணத்தில் தொங்கும் கால்வளையத்தை) குட்டையாக்கி முதுகுக்கு மேலே குந்தியிருப்பார் என்பதால், விலாவை அணைக்கும் நீண்ட கால்களும் அதற்குப் புதிது. அமெரிக்கப் பந்தயங்கள் இடப்புறமாகவே சுற்றுவதால், வலப்புறம் வளையும்போது பல குதிரைகள் விறைத்துக்கொள்ளும்.

ஆகவே நாங்கள் பார்ப்பது உங்கள் கைகளை. அதுவும் ஏறுவதற்கு முன்பே. குதிரையின் முகத்துக்கு நேரே விறுவிறுவென்று போகிறீர்களா, தோள் பக்கமாக நிதானமாகப் போகிறீர்களா? சேணத்தின் வயிற்றுவாரை ஒரே மூச்சில் இழுத்துக் கட்டுகிறீர்களா, ஒரு துளை ஏற்றி, குதிரை காதைப் பின்னால் மடிக்கிறதா என்று பார்த்து, சற்று நடத்திவிட்டு அடுத்த துளைக்குப் போகிறீர்களா? இந்த ஒரு நிமிடம் எனக்குப் பத்துப் பக்க விண்ணப்பத்தைவிட அதிகம் சொல்லிவிடும். பிறகு சாதுவான வேறொரு குதிரையில் நடை, துள்ளுநடை, நிறுத்தம். உடல் ஆடும்போது கையும் சேர்ந்து ஆடி அதன் வாயைப் பிடுங்குகிறதா என்பதுதான் அங்கே முக்கியம். "இன்று பாய்ச்சல் வேண்டாம், துள்ளுநடையோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்பவரிடம் எனக்கு நம்பிக்கை கூடுகிறது. தன் எல்லை தெரிந்தவரிடம் குதிரை பத்திரமாக இருக்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. எலும்பு தெரிய மீட்கப்பட்ட குதிரை பசுவைப் போல நிற்கும். அது சாதுவல்ல, பட்டினி. உடல்நிலையை 1 முதல் 9 வரை அளக்கும் ஹெனெகி அளவுகோலில் 2-இல் வந்த குதிரை 5-ஐத் தொடும்போதுதான் அதன் இயல்பு வெளியே வரும். அதற்கு முன்பே "புதியவர்களுக்கு ஏற்றது" என்று எழுதிக் கொடுப்பது வாங்குபவருக்கும் குதிரைக்கும் செய்யும் துரோகம். அப்படிக் கொடுக்கும் இடம் என்றால் திரும்பிவிடுங்கள்.

எடையும் கேட்பார்கள், வருந்தாதீர்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ.

அக்டோபரில் கெண்டக்கி ஹார்ஸ் பார்க்கில் நடக்கும் தரோபிரெட் மேக்ஓவர் போட்டியில், அண்மையில் பந்தயத்தை விட்ட குதிரைகள் அழகாகத் தடை தாண்டுவதைப் பார்த்து ஆசைப்பட்டு வருபவர்கள் உண்டு. அந்த அழகுக்குப் பின்னால் மாதக்கணக்கான அன்றாட உழைப்பு இருக்கிறது. உங்களுக்கு அது இயலாது என்றால் மறுபயிற்சி முடிந்த குதிரையைக் கேளுங்கள். தசைநார் காயத்தால் இனி சவாரிக்கு ஆகாத குதிரைகளும் வீடு தேடிக் காத்திருக்கின்றன. அவற்றுக்குச் சவாரித் திறமையே தேவையில்லை, பராமரிக்கத் தெரிந்தால் போதும்.

சோதனைக்குப் போகும்போது உங்கள் பயிற்சியாளரையும் அழைத்துப் போங்கள். முதலில் அவர்களுடைய ஆளை ஏறிக் காட்டச் சொல்லுங்கள். வேறொரு நாளில், முடிந்தால் காற்றடிக்கும் நாளில், மறுபடி போய்ப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் குதிரையைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.