அடிதடியில் காயமா? ஸ்டேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரி

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றிய டாக்டர் பதில் சொல்கிறார்.

வரப்புத் தகராறில் சித்தப்பாவைக் கட்டையால் அடித்துவிட்டார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தால்தான் ஜி.எச்.சில் சேர்ப்பார்கள் என்று சொன்னதால் ஸ்டேஷனிலேயே வெகுநேரம் போய்விட்டது. அது சரியா சார்?

சரியே இல்லை. 108-ஐக் கூப்பிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். போலீஸ் நடைமுறைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது, அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் உயிரைக் காப்பதுதான் முதல் கடமை என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்புவது எங்கள் வேலை. படுக்கைக்கே வந்து வாக்குமூலம் வாங்குவது அவர்கள் வேலை.

பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் 'இது எம்.எல்.சி. கேஸ் (போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவ வழக்கு), ஜி.எச்.சுக்குப் போங்க' என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்களே?

ரத்தத்தை நிறுத்தி, முதலுதவி செய்து, கடிதம் கொடுத்து அனுப்பலாம். கையைக்கூடத் தொடாமல் அனுப்பக் கூடாது. பாலியல் வன்முறை, அமில வீச்சு என்றால் சட்டம் இன்னும் கடுமை: தனியாரும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் ஓராண்டு வரை சிறை.

அப்புறம் ஒன்று. முதல் 48 மணி நேரம் இலவசம் என்னும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்துக்கு மட்டும்தான். அதற்காக 'வண்டியிலிருந்து விழுந்தான்' என்று சொல்லச் சொல்லும் ஆலோசகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள்.

கணவர் அடித்து, கழுத்தையும் நெரித்தார் டாக்டர். மாமியார் 'மாடிப்படியில் விழுந்தேன்னு சொல்லு' என்கிறார்.

சொல்லாதீர்கள் அம்மா. கேஷுவால்டியில் ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) என்று ஒரு பதிவேடு உண்டு, அடிதடிக் காயமும் அதில்தான் ஏறும். எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எதனால் அடித்தார்கள், எங்கே, எத்தனை மணிக்கு என்று நீங்கள் சொல்வதை அப்படியே எழுதுவோம். 'தெரிந்த நபர் ஒருவர், இரவு 8 மணி, வீட்டில், கையால்' என்று ஒரே வரிதான். ஆனால் பல மாதம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் புரட்டுவது அந்த வரியைத்தான். இன்று 'விழுந்தேன்' என்று எழுதிவிட்டால் அன்றைக்கு அதை மாற்றுவது பெரும்பாடு.

வழக்கு கிடக்கட்டும், வைத்தியத்துக்கே உண்மை வேண்டும். விழுந்தவருக்குக் கழுத்து நெரிபட்டதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். நெரித்த கழுத்தில் வெளியே தடமே இல்லாமல் உள்ளே வீங்கலாம். குரல் கம்மினாலோ, எச்சில் விழுங்க வலித்தாலோ, மூச்சு இழுத்தாலோ இந்த நிமிடமே கிளம்புங்கள். வலி இல்லாவிட்டாலும் இன்றே காட்டிவிடுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் 181-க்குப் பேசுங்கள்.

தம்பிக்குத் தலையில் அடி. கொஞ்ச நேரம் மயங்கிக் கிடந்தான், இரண்டு தடவை வாந்தி. இப்போது நன்றாகப் பேசுகிறான். தூங்கவிட்டுக் காலையில் கூட்டிப் போகலாமா?

வேண்டாம், இப்போதே. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கும் மண்டைக்குள் ரத்தம் சேர்ந்துகொண்டே இருக்கலாம். சி.டி. ஸ்கேன் தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

குத்திய கத்தி உடம்பிலேயே நிற்கிறது என்றால்?

பிடுங்கவே கூடாது. அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டிக் கொண்டுவாருங்கள்.

ஏழு தையல் போட்டும் 'சாதா காயம்' என்று எழுதிவிட்டார்கள். பணம் வாங்கிவிட்டார்களோ?

இந்தச் சந்தேகம் வராத கேஸே இல்லை! கொடுங்காயம் என்பது தையல் கணக்கு இல்லை. எலும்பு முறிவு, பல் முறிவு, கண் பார்வையோ காது கேட்பதோ நிரந்தரமாகப் போவது, முகம் நிரந்தரமாகச் சிதைவது, 15 நாள் கடும் வலியில் கிடப்பது, இப்படிச் சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. ஏழு தையல் போட்ட சதைக் காயம் அதில் வராமல் போகலாம், ஒரு பல் உடைந்தாலே வந்துவிடும். அதனால் ஆடும் பல்லையும் வீங்கிய விரலையும் 'சின்ன விஷயம்' என்று விடாமல் முதல் நாளே காட்டி, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஏ.ஆர். எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.