ஃபோல்டரைத் தட்டினால் வேறு செயலி திறக்கிறது: ஃபார்மேட்டுக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: உபுண்டு லினக்ஸ் 22.04-இலிருந்து 24.04-க்கு மாறினேன். அன்றிலிருந்து டெஸ்க்டாப்பில் எந்த ஃபோல்டரைத் தட்டினாலும் ‘டிஸ்க் யூசேஜ் அனலைசர்’ வந்து, வட்டில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வண்ண வளையம் காட்டுகிறது. ‘ஃபைல்ஸ்’ செயலிக்குள் போய்த் திறந்தால் மட்டும் ஒழுங்காக இருக்கிறது. கடையில், “சிஸ்டம் கரப்ட் ஆகிவிட்டது, ஃபார்மேட் பண்ணி ஏற்ற 1,200 ரூபாய்” என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ‘ஃபைல்ஸ்’ தன் ஜன்னலுக்குள் இருக்கும் ஃபோல்டரை யாரையும் கேட்காமல் தானே திறந்துகொள்ளும். டெஸ்க்டாப் ஐகான் அப்படியில்லை. ஃபோல்டருக்கு எந்தச் செயலி என்று சிஸ்டத்திடம் கேட்டுத்தான் திறக்கும். கெட்டுப்போனது அந்தப் பதில் மட்டுமே.

லினக்ஸில் படம், பாட்டு, பிடிஎஃப் போல ஃபோல்டரும் ஒரு கோப்பு வகைதான். அதன் பெயர் ‘ஐநோட்/டைரக்டரி’. இதைத் திறக்க எனக்கும் தெரியும் என்று எந்தச் செயலியும் பதிவு செய்துகொள்ளலாம். அனலைசர் செய்திருக்கிறது, விஎஸ் கோட் எடிட்டரின் பழைய பதிப்புகளும் செய்திருந்தன. இதில் தப்பில்லை. ஆனால் மேம்படுத்தும்போது ஃபைல் மேனேஜரின் (ஃபோல்டர்களைத் திறந்துகாட்டும் செயலி; உபுண்டுவில் ‘ஃபைல்ஸ்’) உள்பெயர் மாறிவிட்டால், உங்கள் பழைய அமைப்பில் எழுதியிருக்கும் பெயருக்கு ஆளே இருக்காது. கேடிஇ என்ற இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப் 4-இலிருந்து 5-க்குப் போனபோது, அதன் ஃபைல் மேனேஜரான டால்ஃபினுக்கு இப்படிப் பெயர் மாறியது. பழைய பெயர் செல்லாமல் போனால், அந்த வேலை பட்டியலில் அடுத்து நிற்பவரின் கைக்குப் போய்விடும்.

முதலில் ஒரு சோதனை. செட்டிங்ஸ் → சிஸ்டம் → யூசர்ஸ் போய், புதிதாக ஒரு பயனரைச் சேர்த்து அதில் நுழைந்து பாருங்கள். அங்கே ஃபோல்டர் சரியாகத் திறந்தால் சிஸ்டத்துக்கு ஒன்றுமில்லை, கோளாறு உங்கள் கணக்கின் அமைப்புக் கோப்பில். கடைக்காரரிடமும் இதையே காட்டலாம். இன்னொன்று: உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு சிஸ்டத்தை மறுபடி ஏற்றினால் அந்தக் கோப்பும் அப்படியே இருக்கும். 1,200 ரூபாயும் போய், கோளாறும் கூடவே இருக்கும்!

சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். ‘ஃபைல்ஸ்’ செயலியில் ஹோமுக்குப் போய் கண்ட்ரோல்+ஹெச் அழுத்தினால் மறைந்திருப்பவை தெரியும். புள்ளியில் தொடங்கும் ‘கான்ஃபிக்’ ஃபோல்டருக்குள் ‘மைம்ஆப்ஸ் டாட் லிஸ்ட்’ என்றொரு கோப்பு இருக்கும். அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, மூலத்தை டெக்ஸ்ட் எடிட்டரில் திறங்கள். ‘ஐநோட்/டைரக்டரி’ என்று தொடங்கும் வரிகளைத் தேடி, அந்த வரிகளை மட்டும் அழித்துச் சேமியுங்கள். ‘டிஃபால்ட் அப்ளிகேஷன்ஸ்’ தலைப்பின் கீழ் ஒன்றும், ‘ஆடட் அசோசியேஷன்ஸ்’ கீழ் இன்னொன்றும் இருக்கலாம். பலர் முதலாவதை மட்டும் அழித்துவிட்டு ‘சரியாகவில்லையே’ என்பார்கள்; இரண்டையும் எடுக்க வேண்டும். அதன்பின் உபுண்டு தன் சொந்த விதிக்குத் திரும்பிவிடும். மாற்றம் தெரியாவிட்டால் லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள்.

ரைட் கிளிக் → பிராப்பர்ட்டீஸில் மாற்ற முடியாதா என்று கேட்பீர்கள். உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமின் ‘ஃபைல்ஸ்’, ஃபோல்டர்களுக்கு அந்த வசதியை வேண்டுமென்றே காட்டுவதில்லை. கேடிஇ பிளாஸ்மாவில் சிஸ்டம் செட்டிங்ஸின் டிஃபால்ட் அப்ளிகேஷன்ஸிலும், லினக்ஸ் மிண்டின் சினமன் பதிப்பில் ப்ரிஃபர்ட் அப்ளிகேஷன்ஸிலும் ஃபைல் மேனேஜரை நேராகவே தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: மேலே சொன்ன மாதிரி ஏற்கெனவே சரிசெய்துவிட்டேன். ஆனாலும் குரோமில் டவுன்லோடு ஆனதை ‘ஷோ இன் ஃபோல்டர்’ கொடுத்தால் நீமோ என்ற இன்னொரு ஃபைல் மேனேஜர் திறக்கிறதே?

பதில்: பிரவுசர் வேறு வழியில் போகிறது. கோப்பைத் தனியாக அடையாளம் காட்ட வேண்டியிருப்பதால், அது டி-பஸ் (செயலிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி) மூலம் ஃபைல் மேனேஜரை நேராகக் கூப்பிடும். மேலே பார்த்த பட்டியலைப் பார்ப்பதில்லை. இரண்டு ஃபைல் மேனேஜர் நிறுவியிருந்தால் எது முன்னால் பதில் சொல்கிறதோ அது வரும். வேண்டாததை நீக்குவதே சுலபம். ஆனால் நீமோ சினமனின் அங்கம். சினமன் டெஸ்க்டாப்பையும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதில் கைவைக்காதீர்கள்.

கேள்வி: விண்டோஸ் 11-இல் ஃபோல்டரை டபுள் கிளிக் செய்தால் கமாண்ட் பிராம்ப்ட் வருகிறது. டிஃபால்ட் ஆப்ஸில் ஃபோல்டர் என்ற பெயரே இல்லை.

பதில்: இருக்காது. விண்டோஸில் இது, அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ கிளாஸஸ் ரூட் → டைரக்டரி → ஷெல் போங்கள். முதலில் ஃபைல் → எக்ஸ்போர்ட் கொடுத்து அந்தக் கீயை பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ‘டிஃபால்ட்’ மதிப்பில் கமாண்டைக் குறிக்கும் சொல் இருந்தால், அதை ‘நன்’ என்று மாற்றுங்கள். ஆங்கிலத்தில் என், ஓ, என், இ நான்கே எழுத்து. சி, டி டிரைவ்களும் இதே மாதிரி திறந்தால் டைரக்டரிக்குப் பதில் ‘டிரைவ்’ கீயிலும் இதையே செய்ய வேண்டும்.